அம்மாவின் குரல் முன்னால் வரட்டும்

காது கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவி வைத்த குழந்தைகளுக்கு ஆன்லைனில் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. தமிழ்நாட்டில் முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் வந்ததால் கூலி வேலை செய்பவர் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் இந்த ஆபரேஷன் இலவசமாக நடக்கிறது. ஆனால் ஆபரேஷன் முடிந்ததும் பிள்ளை பேசிவிடாது. கேட்கப் பழகவே மாதக்கணக்காகும், பேச்சு வர வருஷக்கணக்கில் பயிற்சி வேண்டும். ஏழைப் பிள்ளைகள் பாதியில் நின்றுபோவது அந்த இடத்தில்தான்.

1. நேரத்தை அவர்கள் சொல்லட்டும். பல வீடுகளில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பகல் 11 மணிக்கு அழைத்துவிட்டு, ‘அக்கறை இல்லாத குடும்பம்’ என்று ஃபைலில் எழுதாதீர்கள். அப்படி எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். போன் வீடு திரும்பிய பிறகு அழையுங்கள்.

2. பாடத்துக்கு முன் கருவியை விசாரியுங்கள். பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா, வெளியே மாட்டும் காயில் தலையில் ஒட்டி நிற்கிறதா, கேபிள் விட்டுப்போயிருக்கிறதா? வாரண்டி முடிந்தபின் ஒரு கேபிள் மாற்றுவதற்கே பல நாள் கூலி போய்விடும். அதனால் கருவி பீரோவுக்குள் போகும், நம்மிடம் சொல்லவும் கூச்சப்படுவார்கள். நீங்களாகக் கேட்டால்தான் தெரியும். பழுது என்றால் அன்றைக்கே ஆபரேஷன் நடந்த மருத்துவமனையோடு பேசுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுங்கள்.

3. பிள்ளைக்குக் கேட்கிறதா என்று பார்க்கும் லிங் சோதனையின் ஆறு ஒலிகளையும் நீங்கள் சொல்லாதீர்கள். ‘ம்’, ‘ஊ’, ‘ஆ’, ‘ஈ’, ‘ஷ்’, ‘ஸ்’ ஆகியவற்றில் கடைசி இரண்டும் போன் ஸ்பீக்கரில் தேய்ந்துபோகும். சில போன்கள் அவற்றை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டியே விடும். பிள்ளை திரும்பாவிட்டால் தவறு காதிலா, போனிலா என்று உங்களால் சொல்ல முடியாது. அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்காதபடி, கருவி இருக்கும் பக்கமாகப் பிள்ளைக்குச் சற்றுப் பின்னால் அவர் உட்காரட்டும். மிக்சி, டிவி, ஃபேன் எல்லாம் நிற்கட்டும். ஒலி கேட்டதும் பிள்ளை ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும், அவ்வளவுதான். சில சமயம் எதுவும் சொல்லாமல் அம்மா சும்மா இருக்க வேண்டும், பிள்ளை ஊகித்துப் போடுகிறதா என்பது அப்போது தெரியும். முழுப் பயிற்சியும் இதே மாதிரிதான். நீங்கள் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள், அவர் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார். நீங்கள் வாரத்தில் அரை மணி நேரம் இருப்பீர்கள், அவர்தான் நாள் முழுக்க இருக்கிறார்.

4. ஆப்பிள் படமும் பியானோ படமும் வேண்டாம். சோறு, தண்ணி, ஆடு, வாளி, ‘இந்தா’, ‘வா’ என்று அந்த வீட்டில் காதில் விழும் சொற்களிலிருந்து தொடங்குங்கள். பாட்டி பேசுகிற வட்டார வழக்கைத் திருத்தாதீர்கள்.

5. டேட்டா தீர்ந்தால் வகுப்பை ரத்து செய்யாதீர்கள், சாதாரண போன் காலிலும் அம்மாவுக்கு வழிகாட்டலாம். அந்த வாரப் பயிற்சியை ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்.

6. எல்லாமே ஆன்லைனில் முடியும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மேப்பிங்குக்கு, அதாவது கருவியைப் பிள்ளைக்கு ஏற்றபடி சரிசெய்வதற்கு, பெரும்பாலும் நேரில் போகத்தான் வேண்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ் காசு மிச்சம்தான், ஆனால் போன நாளின் கூலி போய்விடுகிறது. அதனால் மேப்பிங், காது பரிசோதனை, சான்றிதழ் வேலை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க மருத்துவமனையில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

7. பிள்ளையின் வீடியோ உங்களை நம்பித் தந்தது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள், நன்கொடை கேட்கும் விளம்பரத்துக்குக்கூட.

8. அம்மா அழுதால் பாடத்தை நிறுத்துங்கள். ‘உன்னால்தான் இப்படிப் பிறந்தது’ என்று சொந்தக்காரர்களிடம் பேச்சு வாங்கியவர்கள் பலர். முழுதாகக் கேளுங்கள். உங்களால் தாங்க முடியாத பாரம் என்றால் 14416 எண்ணைக் கொடுங்கள். டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

9. ஒரு குடும்பம் தொடர்ந்து வராமல் போனால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்காதீர்கள். முதல் நாளிலேயே அம்மாவிடம் கேட்டு, அந்த ஊர் அங்கன்வாடி அக்காவின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ரீசார்ஜ் முடிந்திருக்கும், இல்லை அறுவடைக்கு வெளியூர் போயிருப்பார்கள். எப்போது திரும்புவார்கள் என்று கேட்டு, அந்தத் தேதிக்கு அடுத்த வகுப்பைக் குறித்து வையுங்கள்.