பூட்டு இல்லாத மடக்குக் கத்தி

வெளியே கிளம்பும்போது என் தோள்பையில் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். பல வருடப் பழக்கம். ரயிலில் கொய்யா நறுக்க, கூரியர் பார்சல் பிரிக்க, தோட்டத்தில் சணல் கயிறு அறுக்க எல்லாம் அதுதான். சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தி. விரித்த அலகை அப்படியே பிடித்து நிறுத்தப் பூட்டு எதுவும் அதில் கிடையாது. அண்ணன் மகன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “சித்தப்பா, லாக் இல்லையே, வெட்டும்போது மடங்கி விரலை நறுக்கிடாதா?”

கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கத்தி எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் எப்போது மடங்கும், எப்போது மடங்காது என்பதும் தெரிந்துவிடும்.

பிடியின் முதுகுப் பக்கம் ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. அதுதான் ஸ்பிரிங். ஆணியைச் சுற்றித் திரும்பும் அலகின் அடிக்கட்டையில் தட்டையான பக்கங்கள் உண்டு. அலகு முழுதாக விரிந்ததும் பட்டை அந்தத் தட்டையில் அழுந்தி உட்காரும். ‘டக்’ என்று கேட்கும். மடக்குவதற்கு அந்தப் பட்டையை நெம்பித் தூக்கும் அளவு விசை வேண்டும். கூர்ப்பக்கம் பழத்தில் அழுந்தும்போது பழம் அலகைத் திருப்பித் தள்ளுவது விரியும் திசையில். அதற்கு மேல் விரிய இடமில்லாததால் அலகு அசையாமல் நிற்கும். அழுத்தம் அலகின் முதுகில் விழுந்தால்தான் மடங்கும் பக்கம் போகும். அப்போது தடுப்பதற்கு அந்தப் பட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஆகவே நான் கவனிப்பது ஒன்றைத்தான்: விசை எப்போதும் கூர்ப்பக்கத்தில் இருக்கிறதா? சீவுவது, நறுக்குவது, இழுத்து அறுப்பது எல்லாம் அப்படிப்பட்ட வேலைகள். குத்துவது அப்படியல்ல. முனை எதிலாவது முட்டி நின்று கை மட்டும் முன்னே போனால் அலகு மடங்கி விரல்மேல் இறங்கும்.

குத்தக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். சொல்லித்தர ஆளில்லாத ஆபத்து வேறொன்று இருக்கிறது: சிக்கிக்கொண்ட அலகை வெளியே எடுப்பது. தடித்த அட்டைப்பெட்டியில் அலகு ஆழமாக இறங்கிப் பிடித்துக்கொள்ளும். உடனே கை தானாகவே கத்தியை மேலும் கீழும் ஆட்டி இழுக்கப் பார்க்கும். அந்த ஆட்டத்தில் பாதி நேரம் அழுத்தம் முதுகில் விழுகிறது. விரல்களோ பிடியைச் சுற்றி, அலகு வந்து படுக்கும் பள்ளத்துக்கு நேராக இருக்கின்றன. நான் செய்வது இதுதான்: ஆட்டுவதை நிறுத்திவிட்டு, இடக்கையால் அட்டையை அழுத்திக்கொண்டு, அலகு உள்ளே போன அதே கோட்டில் நேராகப் பின்னுக்கு இழுப்பேன். வரவில்லையென்றால் அட்டையைத்தான் கிழித்துப் பிரிப்பேன். ஆழமாக இறக்காமல் இருப்பது அதைவிட நல்லது. பார்சலின் மேலிருக்கும் டேப்பை அறுக்க முனையில் கால் அங்குலம் போதும். உள்ளே இருக்கும் பொருளும் கீறல்படாமல் தப்பும்.

செடிக்குச் சொட்டு நீர் விட பாட்டில் மூடியில் ஓட்டை போடுவது இன்னொரு சோதனை. அலகின் முனையால் அதைச் செய்யவே கூடாது. பல சுவிஸ் கத்திகளில் முதுகுப் பக்கம் ஒரு குத்தூசி இருக்கும். விரித்தால் பிடிக்குக் குறுக்காக நிற்பதால் உள்ளங்கையின் பலம் நேராகக் கீழே இறங்கும். அதற்கும் பூட்டு இல்லை. மூடியைப் பலகையில் வைத்து, சாய்க்காமல், மெல்லத் திருகித் திருகி இறக்க வேண்டும். அவசரப்பட்டுச் சாய்த்தால் அதுவும் மடங்கும்.

ஊறுகாய்க்கு மாங்காயைக் கொட்டையோடு பிளப்பது அரிவாள்மனையின் வேலை. இளநீர் சீவ அரிவாள் இருக்கிறது. டப்பா மூடியை நெம்ப ஒரு பழைய ஸ்பூன் போதும். இவற்றுக்கெல்லாம் மடக்குக் கத்தியை எடுப்பவர்தான் பிறகு கத்தியைக் குறை சொல்கிறார்.

பூட்டு உள்ள கத்தி நல்லதில்லையா என்று கேட்டால், சில வேலைகளுக்கு நல்லதுதான். சுவிஸ் ராணுவத்துக்கு 1891-ல் கார்ல் எல்ஸெனரின் பட்டறையிலிருந்து போன முதல் சிப்பாய்க் கத்தியில் பூட்டு கிடையாது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த வழியே தொடர்ந்தது. 2008-ல் வந்த புதிய சிப்பாய்க் கத்திக்குத்தான் ஒரு கையால் விரிக்கும் பூட்டு அலகு வந்தது. பிரான்சின் ஒப்பினெல் கத்திக்கு 1955-ல் ஒரு சுழல் வளையம் பூட்டாகச் சேர்ந்தது. ஒப்பினெலின் சிறிய அளவுகளில் இன்றைக்கும் அது இல்லை. கையுறை போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் முரட்டு வேலை செய்கிறவருக்குப் பூட்டு தேவை. கொய்யா நறுக்குகிறவருக்குத் தேவையில்லை. பூட்டிலும் அழுக்கும் பஞ்சும் அடைந்தால் அது முழுதாக விழாமல் நிற்கும். விழுந்ததாக நம்பி முதுகில் பலம் கொடுப்பவருக்கு அடி பலமாகவே விழும். பூட்டு இல்லாத கத்தி பிடித்தவன் அந்த நம்பிக்கையை ஒருபோதும் வைப்பதில்லை. கை எப்போதும் விழிப்பாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு அதன்மேல் மதிப்பு. மாஞ்செடிக்கு ஒட்டுக்கட்டுபவர்களின் மடக்குக் கத்திகளிலும் பூட்டு இல்லாதவை பல. வேலை முழுவதும் கூர்ப்பக்கத்தில் இழுத்துச் சீவுவதுதான் என்பதால் அவர்களுக்கு அது குறையாகத் தெரிவதில்லை.

மடக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பிடியை இடக்கையில் பக்கவாட்டில் பிடித்து, பள்ளத்தின் மேல் ஒரு விரலும் இல்லையென்று பார்த்த பிறகு, வலது உள்ளங்கையால் அலகின் முதுகைத் தள்ளுவேன். பாதி தாண்டியதும் ஸ்பிரிங் அலகைத் தானே இழுத்துக்கொள்ளும். சட்டென்று மூடும் அந்த நொடியில்தான் விரல் நுனி மாட்டுகிறது. பேசிக்கொண்டே மடக்குவது, தொடையில் வைத்து அழுத்தி மடக்குவது இரண்டும் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு அலகுகளை விரித்துவைப்பதும் கூடாது. ஒன்றைப் பயன்படுத்தும்போது மற்றது உள்ளங்கையைக் கீறும்.

நம் ஊரில் கத்தியைக் கெடுப்பது பழச்சாறு. மாம்பழம், சப்போட்டா நறுக்கிவிட்டுத் துடைத்து மட்டும் வைத்தால் சர்க்கரை மூட்டுக்குள் காய்ந்து பசையாகிவிடும். பிறகு நகக்குழியில் நகம் வைத்து இழுத்தால் நகம் உடையும், அலகு வராது. பல்லைக் கடித்து இழுக்கும்போது திடீரென்று விரிந்து கையைக் கிழிக்கும். வெதுவெதுப்பான நீரில் கத்தியை முக்கி, உள்ளே வைத்தே சில முறை விரித்து மடக்கினால் பசை கரைந்துவிடும். நன்றாகக் காயவைத்து மூட்டில் ஒரு சொட்டு, உணவில் பட்டால் கெடுதல் இல்லாத மினரல் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்கு பிடிக்கும்.

மழுங்கிய கத்திதான் அதிகம் வெட்டும், விரலை. கூர் இல்லையென்றால் அழுத்துகிறோம், அழுத்தினால் வழுக்குகிறது. ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில் கல்லில் தீட்டினால் போதும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் இந்தச் சிறிய அலகைக் கொடுக்க எனக்கு மனம் வராது. சக்கரச் சூட்டில் எஃகின் பதம் போய்விடும்.

அண்ணன் மகனுக்குக் கொடுக்கும்போதும் மடக்கித்தான் கொடுத்தேன், யாருக்கும் அப்படித்தான். உட்கார்ந்து சீவு, கை நீட்டினால் தொடும் தூரத்தில் யாரும் இருக்கக் கூடாது, தொடைக்கு மேல் வைத்துச் சீவாதே, அங்கே பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது என்றேன். விரல் வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தம் நின்ற பிறகும் விரல் நுனி மரத்திருந்தாலோ, மடக்க முடியாமல் போனாலோ நரம்போ தசைநாரோ வெட்டுப்பட்டிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

லண்டனில் படிக்கவோ வேலைக்கோ போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூர்ப்பகுதி 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு உள்ள கத்திக்கு இந்த விலக்கு பொருந்தாது என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. மடக்கிய நிலையில் 91 மி.மீ. நீளமுள்ள வழக்கமான சுவிஸ் கத்தியின் கூர்ப்பகுதி இந்த அளவுக்குள் வரும். 111 மி.மீ. வகைகளில் பெரும்பாலானவை பூட்டு உள்ளவை. அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கக் கூடாது. பள்ளி வளாகத்துக்குள் எதையும் கொண்டுபோகாதீர்கள். விமானத்தில் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.