டிராக்டர் எஞ்சினில் வெண்புகை: காரணங்களும் நிவர்த்தியும்

மழை பெய்து நிலம் பக்குவத்துக்கு வந்த நாளில் டிராக்டர் நின்றுவிட்டால் ஈரம் நமக்காகக் காத்திருக்காது. விதைப்பு தள்ளிப் போகும், மகசூலும் பாதிக்கப்படும். ஆனால் எஞ்சினின் பெரும் பழுதுகள் பலவும் முன்னறிவிப்பு இல்லாமல் வருவதில்லை. சைலன்சரிலிருந்து வரும் புகையின் நிறமே அந்த அறிவிப்பாகும்.

கரும்புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை அல்லது பளு அதிகம் என்று பொருள். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெண்புகைக்குக் காரணங்கள் வேறு. அவற்றை இங்கு காண்போம். டீசல் கார், ஆயில் எஞ்சின் ஆகியவற்றுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும்.

வெண்புகை ஏன் உண்டாகிறது?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. சிலிண்டரில் காற்று ஏறத்தாழ 16-ல் ஒரு பங்கு கன அளவுக்குச் சுருக்கப்படுகிறது. அப்போது உண்டாகும் 500 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்திலேயே டீசல் தீப்பற்றுகிறது. இந்த வெப்பம் குறைந்தாலோ, டீசல் சரியாகத் தூவப்படாவிட்டாலோ, அது எரியாமல் ஆவியாகி வெண்புகையாக வெளிவரும். சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்தால் நீராவியும் வெண்மையாகவே தோன்றும்.

மார்கழிக் காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது சில நிமிடங்கள் வெண்புகை வந்து, சூடேறியதும் நின்றுவிட்டால் கவலை வேண்டாம். சூடேறிய பிறகும் தொடர்ந்தால் மட்டுமே பழுது எனக் கொள்ள வேண்டும்.

கண்டறியும் முறை

கீழ்க்கண்ட சோதனைகளை வரிசைப்படி செய்யுங்கள். முதல் இரண்டும் எஞ்சினைக் கிளப்பும் முன், அது நன்கு ஆறியிருக்கும்போது செய்ய வேண்டியவை.

1. ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பியைப் போல வெளுத்திருந்தாலும், அதன் மட்டம் தானாக உயர்ந்திருந்தாலும் எஞ்சினைக் கிளப்பவே கூடாது.

2. ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். வெளியே எங்கும் ஒழுக்கு இல்லாமல் நாள்தோறும் தண்ணீர் குறைந்தால் அது உள்ளே போகிறது என்று அறியலாம்.

3. இவை இரண்டும் சரியாக இருந்தால் எஞ்சினைக் கிளப்பிச் சூடேறவிட்டுப் புகையைக் கவனியுங்கள். டீசல் நெடியுடன் கண் எரிந்தால் அது எரியாத டீசல். நெடியின்றி, வெளிவந்த சிறிது தூரத்திலேயே கலைந்து மறைந்தால் அது நீராவி.

4. இடுக்கியில் பிடித்த தகரத் துண்டைப் புகையில் சற்று நேரம் காட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்குப் படிந்தால் டீசல் எரியவில்லை என்பது உறுதியாகும்.

டீசல் எரியாவிட்டால்

முதலில் செலவில்லாத வேலையைச் செய்யுங்கள். டீசல் வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது டீசலைப் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். அதை முழுவதும் வடித்து, வடிகட்டியை மாற்றி, குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள்.

அப்படியும் நிற்காவிட்டால் இன்ஜெக்டர் நாசில், டீசல் பம்பின் டைமிங், வால்வு, பிஸ்டன் ரிங் ஆகியவற்றைத் தேர்ந்த மெக்கானிக் சோதிக்க வேண்டும். டீசல் தூவுவதைக் கையை நீட்டிப் பார்க்காதீர்கள். அதன் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே புகும். அதற்கு உடனடி மருத்துவ உதவி தேவைப்படும். காமன் ரெயில் முறை உள்ள புதிய டிராக்டர்களில் டீசல் குழாய்களைத் தளர்த்தவே கூடாது.

தண்ணீர் புகுந்தால்

சிலிண்டர் ஹெட் கேஸ்கட் கெட்டிருக்கலாம். ஹெட் அல்லது லைனர் வெடித்திருக்கலாம். ஒரு நாள் உழவை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இரவில் சிலிண்டருக்குள் தண்ணீர் சேர்ந்தால், காற்றைப் போல அதைச் சுருக்க முடியாது. காலையில் கிளப்பும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிலில் தண்ணீர் கலந்தால் பேரிங்குகளும் தேயும். கேஸ்கட்டோடு முடிய வேண்டிய செலவு முழு எஞ்சின் வேலையாகப் பெருகும். ஸ்டார்ட்டர் போட்டும் எஞ்சின் சுழலாமல் இறுகி நின்றால், தள்ளியோ கட்டி இழுத்தோ கிளப்ப முயலாதீர்கள்.

ஹெட்டைக் கழற்றும்போது அதன் அடிப்பரப்பு வளைந்துள்ளதா, விரிசல் உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய கேஸ்கட்டை மீண்டும் போடாதீர்கள். போல்ட்டுகளைக் கையேட்டில் கண்ட வரிசையிலும் அளவிலும் டார்க் ஸ்பேனர் கொண்டே முடுக்க வேண்டும். ஆயிலையும் ஆயில் வடிகட்டியையும் மாற்றுங்கள். எஞ்சின் ஏன் அளவுக்கு மீறிச் சூடானது என்பதைக் கண்டு சரிசெய்யாவிட்டால் புதிய கேஸ்கட்டும் நிலைக்காது.

வருமுன் காத்தல்

• உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். கையேட்டில் கூறியுள்ள கூலன்டையே பயன்படுத்துங்கள்.

• ரேடியேட்டர் வலையில் அடைந்த தூசியையும் பதரையும் நீக்குங்கள். ஃபேன் பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

• வேலை முடிந்த மாலையிலேயே டீசல் தொட்டியை நிரப்புங்கள். காலியிடத்தில் இரவில் நீர் வியர்ப்பது குறையும்.

• கொதிக்கும் எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த நீரையும் ஊற்றாதீர்கள். ஹெட் வெடிக்கக்கூடும்.

ஒவ்வொரு காலையும் கிளப்பும் முன் ஆயிலையும் தண்ணீரையும் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். வயலுக்குப் புறப்படும் முன் அந்த நேரத்தை ஒதுக்குங்கள்.