ஒன்பதாவது கேள்வி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – உளவியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். உளவியல் படிக்கிறேன் என்று ஊரில் சொன்னபோது, "அப்படின்னா பைத்தியத்துக்கு வைத்தியமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். என் அம்மாவுக்கும் அதே ஐயம்தான். அன்று என்னால் சரியான விடை சொல்ல முடியவில்லை. சென்ற கோடை விடுமுறையில், தாலுகா மருத்துவமனை ஒன்றில் நடைபெற்ற மனநல முகாமுக்கு எங்கள் துறைப் பேராசிரியை எங்கள் நால்வரை அழைத்துச் சென்றார். அங்கே நான் கற்ற பாடத்தையும், செய்த பிழையையும் இங்கே எழுதுகிறேன்.

ஊருக்கே வந்த மருத்துவம்

சென்னையில் மனநோயாளிகளுக்கான காப்பகம் 1794ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. இன்றைய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தொடக்கம் அதுதான். நோயாளியை ஊரிலிருந்து பிரித்துத் தொலைவில் வைப்பதே மருத்துவம் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் பிறந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் பெல்லாரி மாவட்டத்தில் நடத்திய சோதனை முயற்சி வழிகாட்ட, 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது.

ஆயினும் 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் நடந்ததை நாம் மறக்கலாகாது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயிலிருந்து தப்ப முடியாமல் 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது.

இளநிலை உளவியலாளரின் பணி

முகாமில் மனநல மருத்துவர் ஒருவர். அவருக்குத் துணையாக இளநிலை உளவியலாளர் ஒருவர். அவரை நாங்கள் 'மேடம்' என்றே அழைத்தோம். மாத்திரை எழுதித் தருவது மருத்துவரின் வேலை. அதற்கு முன்னும் பின்னும் பேசுவது இவருடைய வேலை.

முதற்பணி, கேட்பது. "மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருபவர் மிகச் சிலரே. "தலை பாரமா இருக்கு", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "ராத்திரி தூக்கமே இல்லை" என்றுதான் வருகிறார்கள். அச்சொற்களின் பின்னே இருப்பதைப் பொறுமையாகக் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, அளப்பது. மனச்சோர்வை மதிப்பிட 'பி.எச்.க்யூ-9' என்ற படிவம் உண்டு. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கூட்டுத்தொகை 10ஐத் தொட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டும்.

மூன்றாவது, சிறு சிறு செயல்களின் மூலம் சோர்வைக் குறைப்பது. சோர்ந்தவர் வேலைகளையும் உறவுகளையும் விட்டு ஒதுங்குகிறார். ஒதுங்க ஒதுங்கச் சோர்வு கூடுகிறது. காலையில் சிறிது நடப்பது, விட்டுப்போன தோழியைப் பார்த்து வருவது என ஒவ்வொன்றாக மீட்பதே இம்முறை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர் இதனை ஆராய்ந்தனர். மனநலத் துறையில் பட்டம் பெறாமல், பயிற்சி மட்டுமே பெற்ற ஆலோசகர்கள் 6 முதல் 8 அமர்வுகளில் நல்ல பயன் தர முடியும் என்று அவ்வாராய்ச்சி காட்டியது.

நான்காவது, தன் எல்லையை அறிந்து மூத்தவரிடம் ஒப்படைப்பது. இது எளிதென்று நினைத்தேன். என் பிழை அங்கேதான் நேர்ந்தது.

என் பிழை

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படிவத்தைப் படித்துக் காட்டும் வேலை எனக்குத் தரப்பட்டது. என் அம்மா வயதுடைய ஒருவர் வந்தார். எட்டுக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். கூட்டினால் 8 வந்தது. ஒன்பதாவது கேள்வி, சாகலாம் என்ற நினைப்பு வந்ததா என்பது. அதை எப்படி அவரிடம் கேட்பது? கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே ஊட்டியதாகி விடாதா? கூச்சத்தாலும் அச்சத்தாலும் அதைக் கேட்காமல், சுழி போட்டு மேடத்திடம் நீட்டினேன்.

மேடம் என் முகத்தைப் பார்த்தார். "இதைக் கேட்டியாம்மா?" என்றார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. அந்த அம்மாவை அருகில் அமர்த்தி, தண்ணீர் கொடுத்து, அக்கேள்வியைத் தாமே கேட்டார். சற்று நேரம் மௌனம். பிறகு அந்த அம்மா, "தினமும் வருது கண்ணு. இதுவரை யாருமே கேட்கலை" என்று அழுதார்.

மேடம் பதறவில்லை. அவரைத் தனியே விடாமல் நேரே மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவருடைய சம்மதத்தோடு உடன் வந்த தங்கையிடம் பேசி, வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்தச் சொன்னார். மறுவாரம் வர வேண்டிய நாளையும் குறித்துக் கொடுத்தார்.

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பது அவ்வெண்ணத்தை ஊட்டுவதில்லை. சுமையை இறக்கி வைக்க வழி செய்கிறது என்பதை மேடம் அன்று விளக்கினார். ஒன்பதாவது கேள்விக்கு 'ஆம்' என்றால், கூட்டுத்தொகை எவ்வளவு குறைந்தாலும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். நான் போட்ட சுழியோடு அந்த அம்மா வீடு திரும்பியிருந்தால்? இன்றும் அந்த நினைப்பில் எனக்குத் தூக்கம் கலைவதுண்டு.

தோழர்களுக்கு

விடுதி அறையில் சாப்பிடாமல் சுருண்டு கிடக்கும் நண்பனை "சோம்பேறி" என்று கேலி செய்யுமுன், அருகில் அமர்ந்து "என்னடா ஆச்சு?" என்று கேளுங்கள். நம்மால் ஆகாததெனில், 14416 என்ற டெலி-மானஸ் எண் உண்டு. 2022 முதல் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது. நம் பேராசிரியர்களும் இருக்கிறார்கள்.

முகாம் முடிந்து வீடு திரும்பிய இரவு, அம்மா மீண்டும் அதே கேள்வியைக் கேட்டார். "யாரும் கேட்காததைக் கேட்கிற படிப்பும்மா" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.