சளிக்கு ‘பவர் மாத்திரை’ எதுக்கு?

போன கூட்டத்தில் சேமிப்புப் பணம் கட்டி முடித்ததும் பேச்சு காய்ச்சல் பக்கம் போனது. “ஊசி போடாதவரு என்ன டாக்டர்?” என்றார் ஒரு அக்கா. எல்லோரும் தலையாட்டினோம். ஒருநாள் படுத்தால் கூலி போச்சே! அதனால்தான் மெடிக்கலில் ‘பவர் மாத்திரை’ ரெண்டு வேளைக்கு வாங்குகிறோம். மிச்சம் பக்கத்து வீட்டுக்கு!

சாதாரண சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் மாத்திரை பாக்டீரியா கிருமிக்குத்தான். சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானே இறங்கும். நாலாம் நாள் மாத்திரை போட்டு ஏழாம் நாள் தேறினால், பேர் மாத்திரைக்குப் போகிறது! அடுத்த தடவையும் அதையே கேட்கிறோம். இப்படிப் போடப் போட, கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. நாளைக்குப் பிள்ளைக்கு நிமோனியா என்றால் அதே மருந்து கேட்காமல் போகலாம்.

அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம். மூச்சு வாங்கினால் மட்டும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம்.