அதிகம் பேசாத சிம்: குறைந்த செலவில் எண்ணைக் காப்பாற்றும் வழி

ஊரில் தனியாக இருக்கும் அப்பாவின் பட்டன் போன், துபாய்க்கு வேலைக்குப் போனவர் வீட்டில் வைத்துவிட்டுப் போன சிம், பேங்க் கணக்குக்காக மட்டுமே வைத்திருக்கும் இரண்டாவது எண் என்று மாதத்துக்கு நாலு கால்கூடப் போகாத ப்ரீபெய்டு எண் ஒன்று பல வீடுகளில் இருக்கிறது. “யாரும் பேசுவதே இல்லை, இதுக்கு எதுக்கு ரீசார்ஜ்?” என்று விட்டுவிடுகிறோம். பேங்க்கிலோ கேஸ் புக்கிங்கிலோ ஓ.டி.பி. வராமல் நிற்கும்போதுதான் அந்த எண் என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரியவரும். தொலைந்த எண்ணை மீட்க அலையும் அலைச்சலோடு ஒப்பிட்டால், அதைக் காப்பாற்ற ஆகும் செலவு கொஞ்சம்தான். அந்தச் செலவையும் குறைக்க வழி இருக்கிறது.

1. எண்ணின் வேலையை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் அந்த எண் எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறது என்று எழுதுங்கள். ஆதார், பேங்க் கணக்கு, யு.பி.ஐ., கேஸ் இணைப்பு, ரேஷன் ஸ்மார்ட் கார்டு, பி.எஃப்., இன்சூரன்ஸ், வாட்ஸ்அப். இதில் ஒன்றிரண்டு இருந்தால்கூட எண்ணை விடக் கூடாது. எதிலுமே இல்லையென்றால் மாதாமாதம் பணம் போடத் தேவையில்லை.

சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில், உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கும் வசதி உண்டு. சிம் கெட்டாலோ தொலைந்தாலோ, யார் பெயரில் இருக்கிறதோ அவர் அடையாள அட்டையோடு வந்தால்தான் புதிய சிம் கிடைக்கும்.

2. இரண்டு கெடுவையும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலானவர்கள் குழம்புவது இங்கேதான். முதல் கெடு, ரீசார்ஜின் வேலிடிட்டி. அது முடிந்ததும் முதலில் அவுட்கோயிங் நிற்கும். சில நாளில் இன்கமிங்கும் ஓ.டி.பி.யும் நின்றுபோகலாம். எண் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கும். ஆனால் எதற்கும் உதவாது.

இரண்டாவது, 90 நாள் கெடு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-ல் கொண்டுவந்த விதி இது. தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் நிறுவனம் எண்ணைத் துண்டிக்கலாம். 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அதிலிருந்து கட்டணம் பிடித்துக்கொண்டு எண்ணைத் தக்கவைக்க வேண்டும்.

இந்த விதியை வைத்துத்தான் “20 ரூபாய் போட்டால் போதும்” என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது. அதில் பாதிதான் உண்மை. 20 ரூபாய் எண்ணைக் காப்பாற்றும், ஓ.டி.பி.யைக் கொண்டுவந்து சேர்க்காது. அதற்கு வேலிடிட்டி வேண்டும். தவிர, 20 ரூபாய் டாப்-அப் போட்டால் வரியும் கட்டணமும் போக டாக்டைமாகக் கிடைப்பது பொதுவாக 14 ரூபாய் 95 பைசாதான். 10 ரூபாய்க்கு 7 ரூபாய் 47 பைசா. கணக்கில் 20 ரூபாய் நிற்க வேண்டுமென்றால் 30 ரூபாயாவது போட வேண்டும். மறந்துபோனாலும் எண் பறிபோகாமல் இருக்க, அவசரக் கையிருப்பாக இதை வைத்துக்கொள்ளுங்கள். வேலிடிட்டி ரீசார்ஜுக்கு மாற்றாக நினைக்காதீர்கள்.

3. ஒரு நாள் செலவைக் கணக்குப் போடுங்கள்

28 நாள் பிளான் பார்க்க மலிவு. ஆனால் வருடத்தில் 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 2025 தொடக்கத்தில் ஏர்டெல்லின் 199 ரூபாய் பிளானை 13 முறை போட்டிருந்தால் 2,587 ரூபாய் ஆகியிருக்கும்.

டேட்டா வேண்டாதவர்களுக்கு இப்போது வேறு வழி உண்டு. பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான பிளானைக் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. சிறப்பு வவுச்சர்களின் அதிகபட்ச வேலிடிட்டியையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. அதன்பின் 2025 ஜனவரியில் வந்த விலைகள் இவை:

- ஏர்டெல்: 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய்
- ஜியோ: 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய்
- வி.ஐ.: 84 நாளுக்கு 470 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய்

வருடத்துக்கு 1,849 என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 ரூபாய். அதே காலத்தில் பி.எஸ்.என்.எல். 365 நாளுக்கு 1,198 ரூபாய் பிளானில், மாதம் 300 நிமிடப் பேச்சும் கொஞ்சம் டேட்டாவும் எஸ்.எம்.எஸ்.ஸும் தந்தது. ஒரு நாளைக்கு மூன்றே கால் ரூபாய்தான்.

விலைகள் அடிக்கடி மாறும். ரீசார்ஜ் செய்யும் அன்று நிறுவனத்தின் செயலியில் பாருங்கள். முதல் பக்கத்தில் டேட்டா பிளான்கள்தான் வரிசைகட்டி நிற்கும். பேச்சுக்கு மட்டுமான பிளானைத் தனிப் பிரிவில் தேட வேண்டியிருக்கும். கடையில் ரீசார்ஜ் செய்தால் “நெட் வேண்டாம், வாய்ஸ் மட்டும் போதும்” என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் பிளானாக இருந்தாலும் விலையை நாள் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் லாபம் எதில் என்று தெரிந்துவிடும்.

4. மலிவானது கிடைத்தால் மாறிக்கொள்ளுங்கள்

எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி முதல் நாடு முழுக்க இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைப் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். வரும் குறியீட்டோடு புதிய நிறுவனத்தின் கடைக்கு ஆதாரை எடுத்துக்கொண்டு போனால் போதும். தமிழ்நாட்டில் அந்தக் குறியீடு நான்கு நாள்தான் செல்லும்.

மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள். இப்போதைய நிறுவனத்தில் 90 நாளாவது ஆகியிருக்க வேண்டும். பழைய கணக்கில் மீதியிருக்கும் டாக்டைமும் வேலிடிட்டியும் கூட வராது; அதனால் வேலிடிட்டி முடியப் போகும் கடைசி வாரங்களில், எஸ்.எம்.எஸ். போகும் நிலை இருக்கும்போதே மாறுங்கள். அந்த எண் இருக்கப் போகும் வீட்டுக்குள் புதிய நிறுவனத்தின் சிக்னல் வருகிறதா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிடுங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது. பழைய பட்டன் போன் வைத்திருப்பவர் ஜியோவுக்கு மாறினால் போனையும் மாற்ற வேண்டிவரும்.

5. மாதம் ஒருமுறை ஒரு கால்

வேலிடிட்டி இருந்தாலும் சிம்மைக் கழற்றி டப்பாவில் போட்டுவைக்காதீர்கள். இரண்டு சிம் போடும் போனில் இரண்டாவது இடத்தில் இருப்பதே நல்லது. அந்த சிம்முக்கு மட்டும் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

தனிப் போனில்தான் இருக்கிறது என்றால், மாதம் முதல் தேதி அன்று எடுத்து சார்ஜ் போடுங்கள். உங்கள் இன்னொரு எண்ணுக்கு ஒரு நிமிடம் பேசுங்கள், ஓர் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். 90 நாள் கெடுவுக்கு இதுவே பயன்பாடாகக் கணக்கில் சேரும். சிம்மும் போனும் வேலை செய்கின்றனவா என்பதும் தெரிந்துவிடும். வந்து விழும் விளம்பர மெசேஜை நம்பி இருக்காதீர்கள். திரும்ப வைக்கும்போது பேட்டரியைப் பாதி சார்ஜில் அணைத்து வைத்தால் அது உப்பிக் கெடாமல் நீடிக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கிளம்பும் முன்பே இன்டர்நேஷனல் ரோமிங்கை இயக்கி, அங்கே எஸ்.எம்.எஸ். பெறக் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ரீசார்ஜை அங்கிருந்தே செயலியில் செய்யலாம். வீட்டில் உள்ளவர்களும் யு.பி.ஐ.யில் போடலாம்.

6. தேதியை எழுதி ஒட்டுங்கள்

எண், நிறுவனம், வேலிடிட்டி முடியும் தேதி, யார் பெயரில் இருக்கிறது என்ற நான்கையும் காலண்டரின் பின்அட்டையில் எழுதுங்கள். முடிவதற்குப் பத்து நாள் முன்னால் உங்கள் போனில் நினைவூட்டல் வையுங்கள். நிறுவனம் அனுப்பும் எச்சரிக்கை, அந்தப் பயன்படுத்தாத போனுக்குத்தான் போகும். அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

7. கெடு தவறிவிட்டால்

வேலிடிட்டி மட்டும் முடிந்திருந்தால் ரீசார்ஜ் செய்த உடனே எண் உயிர்பெறும். 90 நாள் விதியில் துண்டித்துவிட்டார்கள் என்றால், 15 நாளுக்குள் 20 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் மீட்க டிராய் விதி இடம் தருகிறது. உடனே நிறுவனத்தின் சொந்தக் கடைக்குப் போங்கள்.

தாமதித்தால் ஆபத்து. துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் தருவதில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் தெரிவித்தது. அதன்பின் அது இன்னொருவர் கைக்குப் போகலாம். உங்கள் பேங்க் ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவர் போனில் போய் விழும்.

8. விடுவதென்றால் முறையாக விடுங்கள்

எண் வேண்டாம் என்று முடிவெடுத்தால், அது உயிரோடு இருக்கும்போதே மாற்று வேலையை முடியுங்கள். முதலில் ஆதார் மையத்தில் கைரேகை வைத்துப் புதிய எண்ணைப் பதியுங்கள். பிறகு பேங்க், யு.பி.ஐ., கேஸ், ரேஷன், பி.எஃப். என்று முதலில் எழுதிய தாளில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். வாட்ஸ்அப்பில் எண்ணை மாற்றும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. எல்லாம் முடிந்து ஒரு மாதம் பொறுத்து, பழைய எண்ணுக்கு எந்த ஓ.டி.பி.யும் வரவில்லை என்று உறுதியான பிறகு ரீசார்ஜை நிறுத்துங்கள்.

இந்த வேலையெல்லாம் பெரியவர்களுக்குத் தனியாகச் செய்வது கடினம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா, அம்மா போனை வாங்கி வேலிடிட்டி தேதியைப் பாருங்கள். வருட பிளானாகப் போட்டுவிட்டு வாருங்கள். அவர்களுடைய பென்ஷன் பணமும் சிலிண்டரும் அந்த எண்ணை நம்பித்தான் இருக்கின்றன.