‘கூர்’ வழியே சில ஆங்கிலச் சொற்கள்

பீர்க்கன்கரணையில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் கற்பிக்கிறேன். எட்டாம் வகுப்பு முடித்ததும் எங்கள் மாணவர்கள் சிலர் ஆங்கில வழிக்கு மாறுகிறார்கள். தமிழில் நன்றாகப் புரிந்திருந்த கணக்கும் அறிவியலும் கலைச்சொற்களால் அவர்களுக்கு அந்நியமாகிவிடுகின்றன. அவற்றை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட வேர் காட்டித் தருவது மேல்.

‘அக்யூட்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இலத்தீனில் ‘அகுஸ்’ என்றால் ஊசி. ‘அகூட்டஸ்’ என்றால் கூராக்கப்பட்டது. கரும்பலகையில் 30 பாகை, 120 பாகை என இரு கோணங்களை வரைந்து, “எதன் முனை குத்தும்?” என்று கேளுங்கள். 30 பாகையைத்தான் காட்டுவார்கள். அதுதான் அக்யூட். மற்றது ‘அப்டியூஸ்’, அதாவது மழுங்கியது. நம் பாடநூல் குறுங்கோணம் என்கிறது. 90 பாகைக்குக் குறைந்தது என்பதால் அதுவும் பொருத்தமே. இலங்கைத் தமிழ் மாணவர்கள் படிப்பதோ கூர்ங்கோணம். ஆங்கிலச் சொல்லின் பொருள் அதில் அப்படியே தெரிகிறது. வகுப்பில் நான் இரண்டையும் சொல்கிறேன்.

“கூர்ந்து கவனி” என்று நாம் தினமும் சொல்கிறோம். கூர்மை கத்திக்கும் உண்டு, அறிவுக்கும் உண்டு என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே ‘அக்யூமன்’ என்றால் கூர்மதி என்பதை விளக்கவே வேண்டியதில்லை. ஊசி குத்தும் அக்குபஞ்சரும் இந்தக் குடும்பம்தான். ‘க்யூட்’ என்பது அக்யூட்டின் சுருக்கம், முதலில் அதற்குக் ‘கெட்டிக்காரத்தனமான’ என்று பொருள் என்றால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

அறிவியல் பாடத்துக்கு வருவோம். மாங்காயைக் கடித்தால் பல் கூசும், நாக்கில் சுருக்கென்று இருக்கும். புளிப்பையும் ரோமானியர் கூர்மையாகவே உணர்ந்தார்கள். ‘ஆசிட்’ அப்படி வந்தது. ‘வினிகர்’ பிரெஞ்சு வழியாக வந்த சொல். புளித்த திராட்சை மது என்று பொருள். லிட்மஸ் சோதனை நடத்தும் நாளில் இதைச் சொன்னால் நன்றாகப் பதிகிறது.

மருத்துவச் சீட்டில் வரும் ‘அக்யூட்’டையும் சேர்த்துச் சொல்லுங்கள். திடீரெனத் தோன்றிய நோய் என்பதே அங்கு முக்கியம். நெடுநாள் நோய் ‘க்ரானிக்’. வீட்டில் அந்தச் சீட்டைப் படித்துச் சொல்வது பெரும்பாலும் நம் மாணவர்தான்.

ஓர் எச்சரிக்கை. ஏ, சி எனத் தொடங்கும் சொற்களெல்லாம் இந்த வேரில் சேராது. ‘ஆக்சிடென்ட்’, ‘அக்கவுண்ட்’ ஆகியவற்றில் சி இரண்டு. அங்கே இருப்பது வேறொரு முன்னொட்டு. ‘ஏக்கர்’ வயலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஐயம் வந்தால் அகராதியைப் பார்த்துவிட்டு மறுநாள் சொல்லலாம்.