புரோட்டானுக்கு ஆயுள் உண்டா?

ஒரு குவளைத் தண்ணீரை மேசைமேல் வையுங்கள். 250 மில்லிலிட்டர் போதும். அதற்குள் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கையை எழுத வேண்டுமானால், 8 என்று எழுதி அதன்பின் 25 சுழியங்கள் போட வேண்டும். அவற்றில் ஒன்று, யாரும் தொடாமல், இன்றிரவு தானாகவே உடைந்துபோகுமா?

நம் நாட்டில் புரோட்டான் என்றதும் சாலையில் ஓடும் கார்தான் முதலில் நினைவுக்கு வரும். அதன் ஆயுளைப் பட்டறைக்காரர் சொல்லிவிடுவார். அணுக்கருவில் உள்ள புரோட்டானின் ஆயுளை இதுவரை எவராலும் சொல்ல முடியவில்லை. இன்றைய இயற்பியலின் விடை தெரியாத பெரிய கேள்விகளில் இதுவும் ஒன்று. தேர்வில் கேட்டால் “புரோட்டான் நிலையானது” என்றே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த வாக்கியம் எதன்மேல் நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அணுக்கருவுக்கு வெளியே தனித்து விடப்பட்ட நியூட்ரான் சராசரியாக 15 நிமிடங்களுக்குள் சிதைந்துவிடுகிறது. எலெக்ட்ரான் சிதைவதில்லை. அதைவிட இலேசான, மின்னேற்றமுள்ள துகள் வேறு இல்லை. சிதைந்தால் அதன் மின்னேற்றத்தை யாரிடம் ஒப்படைப்பது? மின்னேற்றம் காணாமல் போக இயற்கை விடாது. புரோட்டானுக்கு இந்தத் தடை இல்லை. அது ஒரு பாசிட்ரானாகவும் ஒரு பையானாகவும் உடைந்தால் மின்னேற்றக் கணக்கும் சரி, ஆற்றல் கணக்கும் சரி. பிறகு ஏன் உடையவில்லை? “புரோட்டான், நியூட்ரான் போன்ற கனமான துகள்களின் மொத்த எண்ணிக்கை மாறாது” என்று ஒரு விதி சொல்கிறோம். மின்னேற்ற விதிக்கு அடியில் ஆழமான காரணம் உண்டு. இந்த விதிக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. மீறப்பட்டதை யாரும் பார்க்கவில்லை, அதனால் விதி என்கிறோம், அவ்வளவுதான்.

1974-இல் ஜார்ஜை, கிளாஷோ ஆகிய இருவர், அணுவுக்குள் செயல்படும் மூன்று விசைகளையும் ஒரே கோட்பாட்டில் இணைத்தார்கள். அந்தக் கோட்பாட்டில் புரோட்டான் சிதைந்தே ஆகவேண்டும். அதன் சராசரி ஆயுள் 1-க்குப் பின்னால் 30 அல்லது 31 சுழியங்கள் கொண்ட ஆண்டுகள் என்று கணக்கு வந்தது. பேரண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். அப்படியானால் இதை எப்படிச் சோதிப்பது?

சுங்கை பினாங்கில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி இப்படிப்பட்ட கேள்விகளைப் பேசுவோம். இந்த இடத்தில்தான் எப்போதும் ஒருவர் கையைத் தூக்குவார்: “சார், அத்தனை ஆண்டுகள் யார் உட்கார்ந்து பார்ப்பது?” அதற்கு நான் நாலு நம்பர் கடையைக் காட்டுவேன் (மாணவர்களே, கணக்குக்காக மட்டும்). ஒரே ஒரு எண்ணை எடுத்தவர் முதல் பரிசுக்கு வாழ்நாள் முழுக்கக் காத்திருக்கலாம். 10,000 எண்களையும் எடுத்தவருக்கு அன்றைக்கே விழும். புரோட்டானும் அப்படித்தான். அதற்கு மூப்பு கிடையாது. நேற்றுப் பிறந்ததும் பேரண்டத்தின் தொடக்கத்தில் பிறந்ததும் இன்று சிதைய ஒரே வாய்ப்புதான். ஒரு புரோட்டானை அத்தனை ஆண்டுகள் பார்ப்பதற்குப் பதிலாக, அத்தனை புரோட்டான்களைச் சேர்த்து வைத்து ஓராண்டு பார்த்தால் போதும்.

இதற்கென்றே முதன்முதலில் பெரிய கருவி அமைத்த இடங்களுள் ஒன்று, தமிழ்க் குரல்கள் ஒலித்த ஒரு சுரங்கம்: கர்நாடகத்தின் கோலார் தங்கவயல். நம் முன்னோர் மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய அதே காலத்தில், வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கோலாருக்குப் போயின. தங்கத்தைத் தேடி அவர்கள் தோண்டிய குழிகள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போயின. வானிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலிலிருந்து தப்ப, இயற்பியலாளர்களுக்கு அந்த ஆழம்தான் தேவைப்பட்டது. நம் தலைக்கு மேலிருந்து நொடிக்குப் பல மியூவான் துகள்கள் உடம்பைத் துளைத்துப் போகின்றன. இரண்டு கிலோமீட்டர் பாறைக்குக் கீழே அவற்றில் மிக மிகச் சிலவே வந்து சேரும்.

1965-இல் மும்பை டாட்டா ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாக்கா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகக் குழுக்கள் சேர்ந்து அங்கே ஒரு சாதனையைச் செய்தன. காற்று மண்டலத்தில் காஸ்மிக் கதிர்கள் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோக்களைக் கண்டன. தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்திலும் அதே ஆண்டு இன்னொரு குழு கண்டது. கோலார் கட்டுரை சில நாள் முந்தி அச்சானது. மேலிருந்து வர முடியாத மியூவான்கள் பக்கவாட்டில் வந்ததே சாட்சி. அந்தத் திசையில் அத்தனை பாறையையும் ஊடுருவி வந்து, கருவிக்கு அருகிலேயே மியூவானைப் பிறப்பிக்க நியூட்ரினோவால் மட்டுமே முடியும்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை இங்கேதான் திரும்புகிறது.

1980-இல் அதே கோலாரில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 140 டன் கருவி ஒன்று இயங்கத் தொடங்கியது. இரும்புத் தகடுகளுக்கு இடையே வாயு நிரப்பிய குழாய்கள், 34 அடுக்கு. ஒரு புரோட்டான் சிதைந்தால், கருவியின் நடுவில் திடீரென எதிரெதிர்த் திசைகளில் தடங்கள் தொடங்கி, வெளியே போகாமல் உள்ளேயே முடிய வேண்டும். வெளியிலிருந்து எதுவும் நுழைந்த அடையாளம் இருக்கக்கூடாது. 1981, 1982 ஆண்டுகளில் குழு அறிவித்தது: அப்படிப்பட்ட நிகழ்வுகள் ஒருசில கிடைத்துள்ளன. கோட்பாட்டுக் கணக்கோடும் அவை ஏறத்தாழ ஒத்துப்போயின.

உலகமே திரும்பிப் பார்த்தது. உண்மையென்றால் நோபல் பரிசுக்கும் மேலான கண்டுபிடிப்பு. ஆனால் ஒரு கேள்வி எழுந்தது: வேறெதுவும் இதே மாதிரித் தடத்தை உண்டாக்குமா? உண்டாக்கும். தடமே விடாமல் நுழைந்து, இரும்பு அணுவின் கருவில் மோதி, துகள்களைச் சிதறடிக்கும் ஒன்று உண்டு. அதுதான் 1965-இல் அதே சுரங்கத்தில் கண்ட நியூட்ரினோ. 140 டன் இரும்பில் ஆண்டுக்குச் சில மோதல்கள் அதனால் நிகழவே செய்யும். கோலாரின் முதல் வெற்றியே அதன் இரண்டாவது வெற்றிக்குக் குறுக்கே நின்றது.

தீர்ப்பு பெரிய தொட்டிகளிடம் போனது. அமெரிக்காவின் ஈரி ஏரிக்கு அடியில் உள்ள உப்புச் சுரங்கத்திலும், 1983-இல் ஜப்பானின் காமியோக்காவிலும் ஆயிரக்கணக்கான டன் தூய நீரை நிரப்பிக் காத்திருந்தார்கள். கோலாரின் கணக்கு சரியென்றால் அங்கே வரிசையாகச் சிதைவுகள் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. 1974-இன் அந்த எளிய கோட்பாடும் அத்தோடு வீழ்ந்தது.

இதை நான் கோலாரின் தோல்வி என்று சொல்லமாட்டேன். தங்கள் தடங்களை எல்லோரும் அலசும்படி அவர்கள் வெளியிட்டார்கள். பொய்யென்று காட்டக்கூடிய அளவுக்குத் தெளிவான எண்ணைச் சொன்னார்கள். எங்கள் கூட்டத்துக்குப் புதிய “கோட்பாடுகளோடு” வரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது அந்த எண்ணைத்தான். உன் கருத்து சரியென்றால் எத்தனை டன்னில், எத்தனை ஆண்டில், எத்தனை நிகழ்வு? அதே மாதிரி வேடம் போடக்கூடியது எது? பதில் இல்லையென்றால் தேநீர் குடித்துவிட்டு வேறு பேசலாம்.

புரோட்டானுக்காகக் காத்திருந்த அந்த நீர்த்தொட்டிகளுக்குக் கூலி வேறு வழியில் வந்தது. 1987 பிப்ரவரி 23 அன்று, பக்கத்து விண்மீன் கூட்டம் ஒன்றில் வெடித்த நட்சத்திரத்தின் நியூட்ரினோக்கள் இரண்டு தொட்டிகளிலும் பதிவாயின. பிறகு, தொந்தரவு என்று ஒதுக்கிய காற்றுமண்டல நியூட்ரினோக்களையே கவனமாக எண்ணியபோது, அவை பறக்கும் வழியில் வகை மாறுவது 1998-இல் உறுதியானது. வகை மாற வேண்டுமானால் எடை இருக்க வேண்டும். இதற்காகக் கஜித்தா 2015-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கோலார் ஆய்வுக்கூடம் 1990-களின் தொடக்கத்தில் நின்றுபோனது. 2001-இல் சுரங்கமும் மூடப்பட்டது.

இன்றைய நிலை என்ன? காமியோக்காவில் 50,000 டன் நீர் கொண்ட சூப்பர் காமியோகாண்டே 1996 முதல் காத்திருக்கிறது. பாசிட்ரானும் பையானுமாகச் சிதைவதாக இருந்தால், புரோட்டானின் ஆயுள் 24-க்குப் பின்னால் 33 சுழியங்கள் கொண்ட ஆண்டுகளுக்கும் அதிகம் என்று 2020-இல் அறிவித்தது. “சிதையவே சிதையாது” என்பது இதற்குப் பொருளாகாது. இன்னும் சற்றுத் தள்ளி ஒளிந்திருக்கலாம். பேரண்டம் தொடங்கியபோது பொருளும் எதிர்ப்பொருளும் சமமாக இருந்திருந்தால் ஒன்றையொன்று அழித்திருக்கும். நாம் மிஞ்சியிருக்கிறோம் என்றால், கனமான துகள்களின் எண்ணிக்கை எப்போதோ மாறியிருக்க வேண்டும் என்று 1967-இலேயே சகாரோவ் காட்டினார். அதனால்தான் தேடலை யாரும் கைவிடவில்லை. அதே ஜப்பானில் சுமார் 260,000 டன் கொள்ளளவில் அடுத்த தொட்டி எழுகிறது. 2025-இல் இயங்கத் தொடங்கிய சீனாவின் ஜூனோ கருவியும் சிதைவின் இன்னொரு வகையைத் தேடும்.

உங்களுக்கு ஒரு கணக்கு. 18 கிராம் நீரில் 6-க்குப் பின்னால் 23 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையில் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் 10 புரோட்டான்கள். உங்கள் வீட்டுத் தொட்டி 600 லிட்டர் என்று வையுங்கள். புரோட்டானின் சராசரி ஆயுள் 1-க்குப் பின்னால் 34 சுழியங்கள் கொண்ட ஆண்டுகள் என்றால், அந்தத் தொட்டியில் ஒரே ஒரு சிதைவைக் காண எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்? 50,000-க்கு அருகில் விடை வந்தால், உங்கள் கணக்கு சரி.